போரிலிருந்து திரும்பாதவர்: ஜேம்ஸ் வேலின் கடைசி நாட்களும் ஒரு திரைப்படமும்

1957 மே 2 அன்று லண்டனில் 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' திரைக்கு வந்தது. ஹாமர் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் குறைந்த செலவில் வண்ணத்தில் எடுத்த படம் அது. விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்; மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். காலாவதியாகிவிட்டதாகத் திரையுலகம் கருதியிருந்த ஒரு கதை மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்கியது. அதே மாதம் 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில், ஜேம்ஸ் வேல் என்ற 67 வயது முதியவர் தம் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தார். பேசும் படத்தில் அந்தக் கதைக்கு முதன்முதலில் உருவம் கொடுத்தவர் அவர்தான். 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1933இல் 'தி இன்விசிபிள் மேன்', 1935இல் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய மூன்றும் அவர் இயக்கியவை. இறந்தபோது அவர் ஹாலிவுட்டை விட்டு விலகிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த முதியவரின் கடைசி நாட்களைக் கற்பனை செய்து பார்த்த படம் 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'. கிறிஸ்டோபர் பிராம் 1995இல் வெளியிட்ட 'ஃபாதர் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தழுவி, பில் காண்டன் எழுதி இயக்கி, 1998 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிட்டார். வேலாக நடித்தவர் இயன் மெக்கெல்லன். பின்னாளில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் காண்டால்ஃபாக உலகம் முழுக்கத் தெரிந்த முகம். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது 1999 மார்ச்சில் காண்டனுக்குக் கிடைத்தது. மெக்கெல்லனும், வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த லின் ரெட்கிரேவும் பரிந்துரைக்கப்பட்டு விருது பெறாமல் திரும்பினார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதுமை, ஒருபால் ஈர்ப்பு, ஹாலிவுட்டின் மறதி ஆகிய மூன்றையும் சொல்வார்கள். மூன்றும் படத்தில் இருக்கின்றன. ஆனால் படத்தின் ஆழமான கண்டுபிடிப்பு வேறொன்று என்று நினைக்கிறேன். வேலின் பேய்ப் படங்கள் பிறந்த இடம் 1917ஆம் ஆண்டின் பதுங்குகுழி. ஒரு திரைப்பட வரலாற்று ஆய்வாளர் நூறு பக்கங்களில் நிறுவ வேண்டிய இந்தக் கருத்தைக் காண்டன் சில காட்சிகளிலேயே நம்ப வைத்துவிடுகிறார். அந்தக் கண்டுபிடிப்பை அதன் முடிவுவரை கொண்டுபோகாமல் விட்டது படத்தின் பெரிய குறை. இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் வேலின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

டட்லியிலிருந்து கைதி முகாமுக்கு

வேல் 1889 ஜூலை 22 அன்று இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள டட்லியில் பிறந்தார். நிலக்கரிப் புகையும் இரும்புத் தூசியுமாக இருந்ததால் அந்த வட்டாரத்துக்கே கருப்பு நாடு என்று பெயர். அப்பா இரும்பாலையில் ஊதுலைத் தொழிலாளி, அம்மா செவிலி. ஏழு பிள்ளைகளில் வேல் ஆறாவது. உலையருகே நின்று உழைக்கும் உடல்வாகு அவருக்கு இல்லாததால் செருப்புத் தைக்கும் வேலைக்குப் போனார். கை சுத்தமாக எழுதும் என்று தெரிந்ததும் கடைகளுக்கு விலைப்பலகையும் பெயர்ப்பலகையும் எழுதினார். அந்தக் காசில் மாலை நேர ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார்.

1915இல் படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் வூஸ்டர்ஷயர் படைப்பிரிவில் இரண்டாம் லெஃப்டினன்ட் ஆனார். சமாதான காலத்தில் ஓர் ஊதுலைத் தொழிலாளியின் மகன் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி ஆவது நடக்கிற காரியமில்லை. முன்வரிசையில் நின்ற இளம் அதிகாரிகள் ஏராளமாக மாண்டதால் திறந்த கதவு அது. செத்தவர்களின் இடத்தில்தான் வேலின் சமூக உயர்வு தொடங்கியது. அந்த அதிகாரிகள் சாப்பிடும் விதத்தையும், உச்சரிக்கும் விதத்தையும், நிற்கும் விதத்தையும் அவர் கற்றுக்கொண்டார். பின்னாளில் ஹாலிவுட் அவரைப் பிறவிக் கனவான் என்றே நம்பியது.

1917 ஆகஸ்டில் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஹோல்ஸ்மிண்டன் என்ற இடத்தில் இருந்த அதிகாரிகளுக்கான கைதி முகாமில்தான் அவருக்கு நாடகம் பிடிபட்டது. பொழுதுபோகாத கைதிகள் போட்ட நாடகங்களில் நடித்தார், எழுதினார், காட்சிப் பின்னணி வரைந்தார், மற்றவர்களை இயக்கினார். பார்வையாளர்களின் கைதட்டல் தமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அங்கேதான் உணர்ந்தார். சீட்டாட்டத்தில் தோற்ற சக அதிகாரிகள் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து, ஊர் திரும்பியதும் பணமாக்கினார் என்பதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் உண்டு.

போர் முடிந்த பிறகு பத்தாண்டுகள் நாடகக் குழுக்களில் மேடை நிர்வாகி, காட்சி அமைப்பாளர், நடிகர் என்று கிடைத்ததைச் செய்தார். 1928 டிசம்பரில் வாழ்க்கை திசை மாறியது. காப்பீட்டு நிறுவன ஊழியரும் போரில் காயம்பட்டுத் திரும்பியவருமான ஆர்.சி. ஷெரிஃப் 'ஜர்னிஸ் எண்ட்' என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். கதை முழுவதும் ஒரே பதுங்குகுழியில் நடக்கிறது, பெண் பாத்திரமே கிடையாது. அதை மேடையேற்றத் தயங்கியவர்கள் பலர். லண்டனில் ஒரு நாடகச் சங்கம் துணிந்தபோது இயக்கும் வாய்ப்பு வேலுக்கு வந்தது. அந்த முதல் மேடையேற்றத்தில் ஸ்டான்ஹோப் என்ற கேப்டனாக நடித்தவர் 21 வயது லாரன்ஸ் ஒலிவியர். வணிக அரங்குக்குப் போனபோது அவருடைய இடத்துக்குக் காலின் கிளைவ் வந்தார். நாடகம் லண்டனிலும் நியூயார்க்கிலும் பெருவெற்றி பெற்றது. ஹாலிவுட்டுக்குப் போன வேல் 1930இல் அதையே திரைப்படமாகவும் தந்தார். ஹாவர்ட் ஹியூஸின் விமானப் போர்ப் படமான 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' வசனக் காட்சிகளையும் அவரே கவனித்துக்கொண்டார். யூனிவர்சல் நிறுவனத்தில் சேர்ந்து எடுத்த முதல் படம் 'வாட்டர்லூ பிரிட்ஜ்', அதுவும் போர்க்கால லண்டன் கதை.

போர்ப் படங்களை எடுத்துச் சலித்துப்போன அவரிடம், யூனிவர்சல் கைவசம் வைத்திருந்த முப்பது கதைகளைக் கொடுத்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னது. அவர் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையைத் தேர்ந்தெடுத்தார். போர் இல்லாத கதை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தப்பித்துப் போன இடத்திலும்

போர் அந்தப் படத்திலும் வந்து நின்றது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஒரு சவ அடக்கத்தோடு தொடங்குகிறது. உறவினர்கள் அழுது முடித்துப் போகும்வரை வேலிக்குப் பின்னால் பதுங்கியிருந்த இருவர், இன்னும் மண் இறுகாத குழியைத் தோண்டுகிறார்கள். அடுத்து தூக்குக் கம்பத்தில் தொங்கும் பிணம். பிறகு பல உடல்களின் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துச் செய்த மனிதன். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆன காலம் அது. முகம் சிதைந்தவர்களையும் கைகால் இழந்தவர்களையும் தெருவில் பார்த்துப் பழகிய மக்கள்தான் அந்தப் படத்தின் பார்வையாளர்கள். முதல் உலகப் போரின் சிதைந்த உடல்களுக்கும் அக்காலப் பேய்ப் படங்களுக்கும் உள்ள தொடர்பை டேவிட் ஸ்கால் 1993இல் வெளிவந்த 'தி மான்ஸ்டர் ஷோ' நூலில் வலியுறுத்தினார். வேலின் விஷயத்தில் அந்தத் தொடர்புக்கு ஆள் சாட்சியே உண்டு. அவருடைய படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்களைப் பாருங்கள்.

'பிரைட்' படத்தில் டாக்டர் பிரிட்டோரியஸாக நடித்த எர்னஸ்ட் தெசிஜர் போரில் கைகளில் காயம்பட்டவர். தையல்பூ வேலையில் தேர்ந்தவரான அவர், ஊனமுற்ற சிப்பாய்களுக்கு அந்த வேலையைப் பிழைப்பாக்கித் தரும் முயற்சியில் பின்னர் முன்னின்றார். 'இன்விசிபிள் மேன்' படத்தின் க்ளாட் ரெயின்ஸ் நச்சுவாயுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்தவர். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அதே ஷெரிஃப். 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் படைப்புவெறி பிடித்த விஞ்ஞானியாக நடித்தவர் பதுங்குகுழி நாடகத்தின் கேப்டனாக மேடையில் நின்ற அதே காலின் கிளைவ். உயிரோடு திரும்பி வந்த ஒரு தலைமுறை, கலிஃபோர்னியாவின் வெயிலில், செட்டுக்குள் செயற்கை இருட்டு உண்டாக்கி, பிணங்களைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

காண்டனின் படம் இந்தப் பட்டியலை நமக்குச் சொல்வதில்லை. அது தேர்ந்தெடுத்த வழி இதைவிட நுட்பமானது. 1956இல் வேலுக்குப் பக்கவாதம் தாக்கியது உண்மை. சில மாதங்களில் அதைவிடக் கடுமையாக மறுபடியும் தாக்கியது. மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்த்து மின்அதிர்ச்சி சிகிச்சையும் கொடுத்தார்கள். படம் இந்த நோயையே தன் கதைசொல்லும் முறையாக மாற்றிக்கொள்கிறது. நினைவுகள் அழைக்காமலே வருகின்றன, வந்தால் போக மறுக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. டட்லி வீட்டின் இருட்டு, பதுங்குகுழியின் சேறு, 'பிரைட்' செட்டில் உடலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு நிற்கும் எல்சா லாஞ்செஸ்டர் எல்லாம் காலவரிசை இல்லாமல் வந்து மோதுகின்றன. கடந்த காலத்தைக் காட்டும் உத்தி எத்தனையோ படங்களில் வெறும் வசதிக்காக வருகிறது. இங்கே அது ஒரு மனிதரின் மூளையில் ரத்தம் உறைந்ததன் விளைவு.

இந்த நிலைமையில் அவர் வீட்டுத் தோட்டத்துக்குப் புல் வெட்ட வருகிறான் கிளேட்டன் பூன் என்ற இளைஞன் (பிரெண்டன் ஃபிரேசர்). முழுக்கக் கற்பனைப் பாத்திரம். கடற்படைக் காலாட்படையில் இருந்தவன், அகன்ற தோள், உச்சியில் தட்டையாக வெட்டிய முடி. வேலின் படங்களில் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃபின் தட்டைத் தலையை அந்த முடிவெட்டு நினைவூட்டுகிறது என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேல் அவனைப் படம் வரைய உட்கார வைக்கிறார். அழகான உடலைப் பார்க்கும் ஆசை முதலில்; பிறகு பேச ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்; கடைசியில் வேறொரு திட்டம்.

இந்த இருவருக்கும் இடையே காண்டன் வைத்திருக்கும் ஒரு புரட்டு படத்தின் உயிர்நாடி. பார்த்தால் போர்வீரனாகத் தெரிகிறவன் கிளே. கொரியப் போருக்குப் போய் வந்தவன் போல நடந்துகொள்கிறான். உண்மை வெளிவரும்போது தெரிகிறது: குடல்வால் அழற்சி வந்து பயிற்சிக் காலத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன், போரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மென்மையான குரல், பட்டுக் கழுத்துக்குட்டை, நடுங்கும் கை என்று இருக்கிற கிழவர்தான் சகதியில் படுத்திருந்தவர், உடன்கிடந்தவர்கள் சாவதைப் பார்த்தவர். ஆண்மை என்று கிளே அதுவரை நம்பிவந்த அத்தனையும் அந்த இடத்தில் கவிழ்கிறது. அமெரிக்கப் படங்களில் போர்வீரனின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அதை இவ்வளவு அமைதியாக உடைத்த காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேல் அவனிடம் பார்னெட்டைப் பற்றிச் சொல்கிறார். பதுங்குகுழியில் தாம் நேசித்த இளைஞன். முள்வேலியில் சிக்கிச் செத்தவனின் உடலை எடுக்கப் போக முடியவில்லை. அது அங்கேயே தொங்கியது. காலையிலும் இரவிலும் படைவீரர்கள் அவன் பேரைச் சொல்லி வணக்கம் வைப்பது வேடிக்கையாகிவிட்டது. மெக்கெல்லன் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் பாதிச் சிரிப்பு வருகிறது, மீதி முகத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்தக் கதையைக் கேட்டபின் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் போட்டுப் பாருங்கள். கல்லறை அறைக்குள் டாக்டர் பிரிட்டோரியஸ் சவப்பெட்டியின்மேல் விருந்து பரப்பி, மண்டையோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மது அருந்திச் சிரிக்கிறார். பல பத்தாண்டுகளாக விமர்சகர்கள் இதை வேலின் விசித்திர நகைச்சுவை என்று எழுதி வந்தார்கள். பிணத்தோடு குடும்பம் நடத்தப் பழகியவர்களின் நகைச்சுவை இது என்பதைக் காண்டனின் படம் காட்டிக்கொடுக்கிறது. காண்டன் படத்தின் தலைப்பே அந்தப் பிரிட்டோரியஸ் மதுக்கிண்ணத்தை உயர்த்திச் சொல்லும் வாழ்த்திலிருந்து வந்ததுதான். நாவலின் தலைப்பைவிட இது பொருத்தமானது. ஃபிராங்கன்ஸ்டைனுக்குத் தந்தை என்ற அடையாளத்திலிருந்து தப்பிக்கத்தானே அந்த மனிதர் கடைசிவரை பாடுபட்டார்?

கனவுக் காட்சிகள் எல்லாமே இதே தரத்தில் இல்லை என்றும் சொல்ல வேண்டும். கிளே அறுவை மருத்துவராக வந்து வேலின் மண்டையைத் திறக்கும் கனவு, ஏற்கெனவே புரிந்ததை மறுபடி விளக்குகிறது. அதற்கு மாறாக, பூதமாக வரும் கிளே கிழவரைக் கைபிடித்துச் சிதைந்த நிலத்தின் வழியே நடத்திச் சென்று, இறந்த வீரர்கள் கிடக்கும் குழியருகே விடுகிற கனவில் ஒரு சொல்லும் வீணாகவில்லை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் பட்ட மரங்களும் ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தின் பட்ட மரங்களும் அங்கே ஒரே மரங்களாகிவிடுகின்றன.

படம் விட்டுவிட்ட படம்

இவ்வளவு தூரம் வந்த காண்டன், வேலின் வாழ்க்கையில் போரும் திரையும் நேருக்கு நேர் மோதிய இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போவதில்லை. அந்த இடத்தின் பெயர் 'தி ரோட் பேக்'.

எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' நாவலை 1930இல் படமாக்கிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது யூனிவர்சல். அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் அது திரையிடப்பட்டபோது, கோயபல்ஸ் தலைமையில் நாஜிகள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை ஓடவிட்டுக் கலவரம் செய்தார்கள். சில நாட்களில் படம் தடை செய்யப்பட்டது. ரெமார்க் 1931இல் எழுதிய அடுத்த நாவல் 'தி ரோட் பேக்', தோற்றுப்போன ஜெர்மன் சிப்பாய்கள் ஊர் திரும்பி வாழத் தெரியாமல் தவிக்கும் கதை. வேல் செய்வதற்கென்றே எழுதியது போன்ற கதை. ஜெர்மானியரின் கைதியாக இருந்தவர் ஜெர்மன் சிப்பாயின் துயரத்தைப் படமாக்க முன்வந்தார். திரைக்கதையில் மறுபடியும் ஷெரிஃப்.

ஆனால் காலம் மாறியிருந்தது. வேலுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருந்த கார்ல் லெம்லி குடும்பத்தின் கையிலிருந்து 1936இல் யூனிவர்சல் போய்விட்டது. வேலின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றான 'ஷோ போட்' படத்துக்கு ஆன செலவும் அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு வகித்தது. புதிய நிர்வாகத்துக்கு ஐரோப்பியச் சந்தை முக்கியம், வேல் முக்கியமில்லை. 1937இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த ஜெர்மன் துணைத் தூதர் கேயார்க் கிஸ்லிங், 'தி ரோட் பேக்' படத்தில் நடிப்பவர்களுக்கே நேரடியாகக் கடிதம் அனுப்பினார். இந்தப் படத்தில் நடித்தால் இனி நீங்கள் நடிக்கும் எந்தப் படமும் ஜெர்மனியில் தடை செய்யப்படலாம் என்பது அதன் சாரம். அமெரிக்க மண்ணில் அமெரிக்கக் குடிமக்களை ஒரு வெளிநாட்டு அதிகாரி மிரட்டிய செயல் அது. வாஷிங்டன் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு கிஸ்லிங்கை ஜெர்மன் அரசு அடக்கி வைத்தது. யூனிவர்சலின் பயம் மட்டும் தணியவில்லை. வேல் எடுத்து முடித்த படத்தை வெட்டினார்கள். வேறொருவரை வைத்து நகைச்சுவைக் காட்சிகள் எடுத்துச் செருகினார்கள். அப்படி வெளியான படத்தை விமர்சகர்கள் நிராகரித்தபோது பழி வேலின் தலையில் விழுந்தது. ஒப்பந்தம் முடியும்வரை யூனிவர்சலில் அவருக்குச் சில்லறைப் படங்களே தரப்பட்டன. 1939இல் வேறு நிறுவனத்துக்காக எடுத்த 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' ஓடியது; அடுத்து 'கிரீன் ஹெல்' விழுந்தது. 1941க்குப் பிறகு ஹாலிவுட்டில் அவர் இயக்கிய முழுநீளப் படம் எதுவும் திரைக்கு வரவில்லை.

காண்டனின் நினைவுக் காட்சிகளில் 'பிரைட்' செட் விரிவாக வருகிறது, 'தி ரோட் பேக்' செட் வருவதில்லை. அந்த வீழ்ச்சி காட்சியாக விரிவதே இல்லை. விளைவு என்ன? போரினால் காயப்பட்ட மனம், சாகாத காதல், தீராத குற்ற உணர்வு என்று வேலின் துயரம் முழுவதும் அவருக்கு உள்ளேயே நடப்பதாகிவிடுகிறது. போரைப் பற்றிய உண்மையைச் சொல்லப் போன கலைஞரின் வாயை ஒரு சர்வாதிகார அரசின் மிரட்டலும் ஒரு வணிக நிறுவனத்தின் கோழைத்தனமும் சேர்ந்து அடைத்தன என்ற பொது வரலாறு பின்னுக்குப் போய்விடுகிறது. நோயுற்ற மூளை தன் நினைவுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை என்று காண்டன் தரப்பில் பதில் சொல்லலாம். தேர்ந்தெடுத்தவர் திரைக்கதை ஆசிரியர் என்பதே என் மறுமொழி. பதுங்குகுழியிலிருந்து பேய்ப் படத்துக்குக் கோடு போட்டவர், அங்கிருந்து 1937க்கும் போட்டிருந்தால் படம் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

ஒருபால் ஈர்ப்பைப் பற்றிய பழைய விவாதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வேல் தம் இயல்பை 1930களிலேயே மறைத்து வாழாதவர். தயாரிப்பாளர் டேவிட் லூயிஸுடன் இருபதாண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அவருடைய பூதம் ஊரால் துரத்தப்படும் பிறப்பொவ்வாத உயிர் என்பதால், அதில் அவர் தம்மையே வரைந்தார் என்று வாசித்தவர்கள் உண்டு. அவர் தொழில் இழந்ததற்கும் அதுவே காரணம் என்றவர்களும் உண்டு. வேலின் வாழ்க்கையை விரிவாக எழுதிய ஜேம்ஸ் கர்டிஸ் இந்த வாசிப்பை ஏற்கவில்லை. லூயிஸும் வேலை முதலில் கலைஞராகவே பார்க்க வேண்டும் என்றார். தொழில் வீழ்ச்சியைப் பொறுத்தவரை ஆவணங்கள் கர்டிஸ் பக்கம்தான் நிற்கின்றன. படங்களின் உணர்வைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. பார்வையற்ற துறவி பூதத்தைத் தன் குடிலுக்குள் அழைத்து, ரொட்டி கொடுத்து, நண்பன் என்ற சொல்லைக் கற்றுத்தரும் காட்சியை, இரு மனிதர் சேர்ந்து வாழ ஊர் அனுமதிக்காத நிலையை அறியாத ஒருவர் அப்படி எடுத்திருக்க முடியுமா? 1988இல் பிபிசி வானொலியில் தம் இயல்பை வெளிப்படையாக அறிவித்த மெக்கெல்லன் இந்தப் பாத்திரத்தில் பரிதாபத்துக்கு இடமே கொடுக்கவில்லை. அவருடைய வேல் குறும்புக்காரர், சில சமயம் கொடியவர், எப்போதும் நாகரிகமானவர்.

மறைக்கப்பட்ட கடிதம், முந்தி வந்த தொலைக்காட்சி

உண்மையான கடைசி நாட்களில் கிளே போன்ற தோட்டக்காரன் இல்லை. வேல் வறுமையிலும் இல்லை. முதலீடுகள் அவரை வசதியாகவே வைத்திருந்தன. ஓவியம் வரைந்தார். நீந்தத் தெரியாதவர் நண்பர்களுக்காகவே நீச்சல் குளம் கட்டினார். 1952இல் லூயிஸ் பிரிந்து போனாலும் நட்பு நிலைத்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதைச் சொல்லும் கடிதத்தை லூயிஸ் வெளியிடாமல் வைத்துக்கொண்டதால் மரணம் விபத்து என்றே பதிவானது. கொலை என்ற வதந்தி பல ஆண்டுகள் உலவியது. 1987இல் தாம் இறப்பதற்கு முன்புதான் லூயிஸ் அந்தக் கடிதத்தை வெளிக்கொண்டுவந்தார். நண்பரின் பெயரைக் காப்பாற்ற அவர் காட்டிய மௌனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வரலாறு முப்பதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படத்தில் வேல் கிளேயைச் சீண்டிக் கோபமூட்டித் தம்மைக் கொல்லச் செய்யப் பார்க்கிறார். அவன் மறுத்து அழுகிறான். படைத்தவனைக் கொல்லும் பூதமாக அவனை ஆக்கும் திட்டம் தோற்கிறது. கதையமைப்பின்படி மிகச் சரியான காட்சி. அந்தச் சரித்தன்மையே என்னைக் கொஞ்சம் விலக்குகிறது. மறுநாள் காலையில் லின் ரெட்கிரேவின் ஹன்னா காட்டும் துக்கத்தில்தான் படம் மறுபடி மண்ணுக்கு வருகிறது. முதலாளியின் இயல்பு பாவம் என்று நம்பும் பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண், 'மிஸ்டர் ஜிம்மி'யை விட்டு ஒரு நாளும் விலகாதவள். பாவி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே சோறு போட்டு மருந்து கொடுக்கும் அந்த அன்பை ரெட்கிரேவ் ஒரு கணமும் கேலியாக்கவில்லை.

படத்தில் ஒரு காலப் பிழையும் உண்டு, அதை விவாதிக்க வேண்டியது அவசியம். கிளே ஒரு மதுக்கடையில் தொலைக்காட்சியில் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' பார்க்கிறான். மற்றவர்கள் சிரிக்க, அவன் மட்டும் கூர்ந்து கவனிக்கிறான். 1957 மேக்கு முன் இது நடந்திருக்க முடியாது. யூனிவர்சலின் பழைய பேய்ப் படங்களில் 52ஐ ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் 'ஷாக்' என்ற தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அளித்தது அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில். 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதில் இருந்தது. 'பிரைட்' 1958இல் வந்த 'சன் ஆஃப் ஷாக்' தொகுப்பில்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபில்ம்லேண்ட்' இதழ் தொடங்கியதும் 1958இல். பேய்ப் படங்களைத் தவிர வேறெதையும் கேட்க விரும்பாமல் வேலைப் பேட்டி காண வரும் எட்மண்ட் கே என்ற மாணவனும் உண்மையில் அந்தப் பிற்காலத் தலைமுறையின் ஆள்தான்.

இந்தப் பிழையைச் சுட்டுவது படத்தைத் தாழ்த்துவதற்காக அல்ல. வேல் இறந்த சில மாதங்களில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இரவு விழித்திருந்து அவர் படங்களைப் பார்த்தார்கள், மனப்பாடம் செய்தார்கள், சிலர் வளர்ந்து இயக்குநர்களும் நாவலாசிரியர்களும் ஆனார்கள். அவருக்கு வர வேண்டிய பார்வையாளர்கள் ஓராண்டு தாமதமாக வந்தார்கள். காண்டன் அந்த ஓராண்டை அழித்து, அவர்களில் ஒருவனை அவர் வாழும்போதே அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிற்காலத்தில் தன் மகனோடு உட்கார்ந்து அதே படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் கிளேயை நாம் காணும்போது, காலம் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது.

டட்லி தன் பிள்ளையை நினைவுகூர்ந்தது 2001இல். சார்லஸ் ஹாட்காக் செய்த, ஃபிலிம் சுருளில் பூதத்தின் முகம் பொறித்த சிற்பம் ஒன்று அங்கே ஒரு புதிய திரையரங்கின் அருகே நிறுவப்பட்டது. அங்கேயும் பூதத்தின் முகம்தான். ஆகவே 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' பார்க்கப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதற்கு முன் 1930இன் 'ஜர்னிஸ் எண்ட்', அதற்குப் பின் 'பிரைட்', பிறகு வெட்டுப்பட்ட நிலையிலாவது 'தி ரோட் பேக்' என்ற வரிசையில் பாருங்கள். காண்டன் பாதியில் நிறுத்திய கோட்டை மீதித் தூரம் இழுக்க அந்த மூன்று படங்களும் போதும்.